கொலைக் கணக்கும் கோணல் கண்ணும்

"கெட்டுவிட்டது நாடு! கொலை மலிந்துவிட்டது! நாலு பேரைச் சுட்டுத் தள்ளினால்தான் அடங்கும்!" — தேநீர்க் கடை பெஞ்சிலிருந்து தொலைக்காட்சி மன்றம் வரையில் இந்தக் கூச்சல் கேட்கிறது. கூச்சலிடுவோர் மாற்றார் மட்டுமல்லர், தோழர்களே! நம் கொடியைத் தோளில் சுமப்போரிலும் சிலர் அதற்குத் தாளம் போடுகின்றனர். ஆகவேதான் எழுதுகிறேன்.

மலிந்துவிட்டதா கொலை? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஏட்டைப் புரட்டுவோம். தமிழ்நாட்டில் பதிவான கொலை வழக்குகள் 2019-இல் 1,745, 2021-இல் 1,686, 2022-இல் 1,690. வெள்ளம் கரை புரண்டது என்கின்றனர். ஏரியின் மட்டமோ ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கிறது! 1,690 உயிர் சிறிதா என்று கேட்பீர்கள். ஓர் உயிரும் சிறிதன்று. அதனால்தான், அந்த உயிர்கள் எப்படிப் போயின என்று கேட்க வேண்டும் என்கிறேன்.

இந்தியா முழுவதற்கும் 2022-ஆம் ஆண்டின் கணக்கு 28,522. அவற்றில் தகராறினால் விளைந்தவை 9,962. தனிப்பகையினால் 3,761. பொருளைப் பறிப்பதற்காகச் செய்யப்பட்டவை 1,884! நாடகம் எழுதுகிறவன் நான். மேடையிலே கொலைகாரனைக் காட்ட வேண்டுமென்றால் கன்னத்திலே ஒரு மச்சம், கழுத்திலே ஒரு கைக்குட்டை, வாயிலே ஒரு சுருட்டு — போதும், கொட்டகை புரிந்துகொள்ளும். ஏட்டிலே வரும் கொலைகாரனுக்கோ மச்சமும் இல்லை, சுருட்டும் இல்லை. பெரும்பாலும் அவன் பங்காளி, பக்கத்துக் கழனிக்காரன், நேற்றுவரை "வா அண்ணே" என்று அழைத்தவன்.

தியாகதுருகத்து மலைக்கோட்டையைப் பாருங்கள். பிரெஞ்சுக்காரனும் ஆங்கிலேயனும் மோதிய இடம்; திப்புவின் படை முற்றுகையிட்ட இடம். அங்கே மாண்டவர்களுக்குக் கணக்கேது? அதற்குப் பெயர் வரலாறு! கோட்டையின் அடிவாரத்திலே வரப்புத் தகராறில் ஒருவன் அரிவாளைத் தூக்கிவிட்டால் அதற்குப் பெயர் 'வட்டாரத்தின் குணம்'! எப்படி இருக்கிறது நீதி?

குணம் என்பார்க்கு ஓர் ஊரைக் காட்டுகிறேன். அமெரிக்காவிலே நியூ ஜெர்சி மாநிலத்தில் கேம்டன் என்றொரு சிறு நகரம். ஒலிப்பெட்டியின் குழாயருகே நாய் அமர்ந்து பாட்டுக் கேட்குமே, அந்தச் சின்னத்தோடு விக்டர் இசைத்தட்டுகள் பிறந்த ஊர். கப்பல் கட்டினார்கள், டப்பாவில் சூப் அடைத்தார்கள். 1950-இல் மக்கள் தொகை 1,24,000-க்கும் மேல். 1967-இல் கப்பல் தளம் மூடப்பட்டது. 1990-இல் சூப் ஆலையும் மூடப்பட்டது. வேலை போயிற்று, வரி வருவாய் வறண்டது, வசதியுள்ளோர் வெளியேறினர். எஞ்சியோர் ஏறத்தாழ 77,000 பேர். 2011-இல் காசில்லை என்று காவலரில் ஏறக்குறையப் பாதிப்பேரை வீட்டுக்கனுப்பினர். 2012-இல் அவ்வூரில் நிகழ்ந்த கொலைகள் 67! தமிழ்நாட்டு விகிதப்படி அத்தனை மக்களுக்கு ஆண்டொன்றுக்கு இரண்டுகூட ஆகாது. கப்பல் கட்டிய காலத்தில் அந்த மண்ணுக்கு இல்லாத குணம் பின்னர் எங்கிருந்து வந்தது?

2013-இல் பழைய காவல்துறையைக் கலைத்து, மாவட்ட அளவில் புதிதாக அமைத்தனர். காவலர் தொகையும் கூட்டப்பட்டது, மறைப்பானேன்? தொடக்கத்தில் சில்லறைக் குற்றங்களுக்கெல்லாம் சீட்டுக் கிழித்து மக்களின் கசப்பையும் தேடிக்கொண்டனர். பின்னர் காவலர் தெருவில் நடந்தனர், கதவைத் தட்டிப் பேசினர். 2019-இல், வேறு வழியே இல்லாதபோதுதான் பலப்பிரயோகம் என்று விதியே வகுத்தனர். அவ்வாண்டில் கொலை 25. இதுவும் அதிகம்தான். ஆயினும் 67 எங்கே, 25 எங்கே! துப்பாக்கிக்குத் தாராளம் காட்டியா இதைச் சாதித்தார்கள்?

இனி நம் வீட்டுக்கு வருவோம். கள்ளக்குறிச்சி, நீதிமன்றமும் காவல் நிலையமும் உள்ள நகரம். 2024 ஜூனில் அந்நகரத்துக் கருணாபுரத்திலே மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். ஓராண்டுக்கு முன்புதான், 2023 மே மாதத்தில், மரக்காணத்திலும் செங்கற்பட்டிலும் அதே நஞ்சு இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது. எச்சரிக்கை மணி அடித்தும் எழாதவர் யார்? கள்ளச்சாராயச் சாவுக்கு ஆவணக் காப்பகம் வைத்திருக்கும் இடம் எது தெரியுமா? கொலைப் பட்டியல் அன்று. 'விபத்துச் சாவுகள்' ஏடு! நஞ்சைக் காய்ச்சியவன், ஏற்றி வந்தவன், கண்ணை மூடிக்கொள்ளக் கூலி வாங்கியவன் இத்தனை பேர் கைகோத்து நடத்தியதற்குப் பெயர் விபத்தாம்!

உடனே சிலர் கல்வராயன் மலையைச் சுட்டுவர். "அவர்கள் தொழிலே அதுதான்" என்பர். 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியிலே கிடந்த மலை அது. சாலையும் பள்ளியும் பட்டாவும் போய்ச் சேராத இடத்துக்குச் சாராய முதலாளியின் வெல்லமூட்டை மட்டும் தவறாமல் போய்ச் சேர்ந்ததே, அது எப்படி? ஊறலை உடைக்கும் படத்தை ஏடுகள் போடும். மூட்டையை அனுப்பியவன் படம் வந்ததுண்டா? பிறப்பாலேயே குற்றவாளி என்று ஒரு சட்டம் செய்தான் வெள்ளையன். 1911-இல் அதைச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினான். 1947-இல் இங்கே அதை ஒழித்தோம். ஏட்டிலிருந்து ஒழிந்தது நாவிலிருந்து ஒழியவில்லையே!

சுட்டுத் தள்ளு என்று கை தட்டும் தோழரைக் கேட்கிறேன்: யாரைச் சுடுவது? 9,962 தகராறுகளையா? மோதலில் சாவு நேர்ந்தால் வழக்குப் பதிய வேண்டும், தனி விசாரணை வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2014-இல் விதித்ததே, அது யாருக்காக? இன்று ரவுடிக்கென்று நீட்டிய துப்பாக்கிக்கு, நாளை போராட்டக்காரனைக் கண்டால் கண் தெரியாமலா போகும்? சிறைக் கதவின் ஓசையைக் கேட்டு வளர்ந்த இயக்கங்கள் இதைப் பிறரிடம் கற்க வேண்டுமா?

வரப்புக் கொலை ஒரு நாளில் விளைவதன்று. நில அளவைக்குப் பணம் கட்டிவிட்டுச் சர்வேயருக்குக் காத்திருந்த மாதங்கள் உண்டு. காவல் நிலையத்தில் மனு கொடுத்து, வெறும் மனு ரசீதோடு திரும்பிய நாட்கள் உண்டு. "இரண்டு பேரும் சமாதானமாகப் போங்கள்" என்று அனுப்பிவைத்த மாலை ஒன்றும் உண்டு. அரிவாள் அதற்குப் பிறகுதான் வருகிறது.

கிளைதோறும் நம் தோழர்கள் ஊரிலே நிலுவையில் கிடக்கும் எல்லைத் தகராறுகளை எழுதி எடுக்கட்டும். மனு ரசீதின் எண்ணும் நாளும் சேரட்டும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும், ஜமாபந்தியிலும் அந்தப் பட்டியலை மேசைமேல் வைத்து, எந்த நாளில் அளப்பீர்கள் என்று கேட்கட்டும். நாளைக் குறித்துத் தரும்வரை நாற்காலியை விட்டு எழ வேண்டாம்.