பரணா, தரையா?

சென்ற மாதம் அம்பாங்கில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து, வெற்றிலைத் தட்டைச் சுற்றி ஆண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். என் தங்கை மகன், செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன், கைப்பேசியில் ஒரு படம் காட்டினான். அமெரிக்காவில் யாரோ ஒருவன் மரத்தில் இருபதடி உயரத்தில் இரும்பு இருக்கை ஒன்றை மாட்டி, அதில் சாமி சிலை போல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். கீழே மான் வருகிறது. அவ்வளவுதான், கதை முடிந்தது.

“இது என்ன வேட்டை மாமா? மரத்தில் ஒளிந்துகொண்டு சுடுவதா? ஆம்பிளை என்றால் தரையில் நடந்து போய் அல்லவா சுடவேண்டும்?” என்றான்.

கூட்டம் உடனே இரண்டு கட்சியாகிவிட்டது. “புலி இருக்கும் காட்டில் ராத்திரி தரையில் நின்று பார், தெரியும் சேதி” என்றார் சம்பந்தி வீட்டுக்காரர். இன்னொருவர், மாரீசனை ராமர் தரையில்தான் விரட்டினார் என்று புராணத்தையே சாட்சிக்கு இழுத்தார். பேச்சு வேடிக்கையாகத்தான் போயிற்று. ஆனால் எழுந்திருக்கும்போது பையன் என் காதருகே குனிந்து, “வருகிற சனிக்கிழமை ராத்திரி கூட்டாளிகளோடு நானும் போகிறேன் மாமா. தலைவிளக்கு, துப்பாக்கி எல்லாம் ஒருத்தர் தருகிறார்” என்றான். அதனால்தான் இந்த முறை நம் பக்கத்தில் மான் வந்து நிற்கிறது.

இன்றைக்கு அடுக்குமாடிகள் நிற்கிற இடங்களில் ரப்பர் மரங்கள் நின்ற காலம் ஒன்று உண்டு. அப்போது எங்கள் லயத்தில் ஒரு தாத்தா இருந்தார். துரைமார் வேட்டைக்குப் புறப்பட்டால் பரண் கட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் கையில் துப்பாக்கி இருந்ததில்லை, வெட்டுக்கத்தியும் பிரம்புக்கொடியும்தான். ஆனால் மானைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் கால்வாசிகூடத் துரைக்குத் தெரியாது. (துரையே அதை ஒப்புக்கொண்டாராம். கூலியில் மட்டும் அது தெரியவில்லை.)

“மானுக்குக் கண்ணைவிட மூக்குதான் காவல்காரன்” என்பார் தாத்தா. வெயில் ஏற ஏற மலைச்சரிவில் காற்று மேல்நோக்கிப் போகும். பொழுது சாய்ந்தால் அதே காற்று குளிர்ந்து பள்ளத்துக்கு இறங்கும். ஆகையால் சாயங்காலம் மான் வரும் தடத்துக்கு நேர் மேலே மேட்டில் பரண் கட்டினால், ஆள் வாடை நேராக மானின் மூக்குக்குப் போய்ச் சேரும். தடத்தை விட்டு ஒதுங்கி, காற்று மான் பக்கமிருந்து நம் பக்கம் வருகிற மாதிரி மரம் பார்க்கவேண்டும். அத்திப் பழம் உதிரும் இடமாக இருந்தால் இன்னும் நல்லது. மலாய்க்காரர்கள் கிஜாங் என்கிற கேளையாடு உதிர்ந்த பழத்துக்கு ஆசைப்பட்டு வரும். ஆள் வாடை பட்டுவிட்டால் நாய் போலக் குரைத்துக் காட்டையே எழுப்பிவிடும். ரூசா என்கிற கடமான் வேறு மாதிரி. நம் நாட்டு மான்களில் அதுதான் பெரியது. இருட்டின பிறகு காட்டோரத்துத் தளிரை மேய வரும். இதற்கெல்லாம் எதிரி பெரும்பாலும் தரையில்தான் வருகிறது. அதனால் மான் அடிக்கடி மேலே நிமிர்ந்து பார்ப்பதில்லை. பரணுக்குள்ள லாபமே அதுதான்.

தரையில் நடக்கிறவன் பாடு வேறு. நம் காட்டில் பத்துப் பதினைந்து அடிக்கு மேல் கண் போகாது. காய்ந்த சருகில் கால் வைத்தால் ஊருக்கே கேட்கும். மழை விட்ட பிறகு போனால் சத்தம் குறையும், அட்டை கூடும். அத்தனையும் பொறுத்து நடந்தாலும் முதலில் பார்ப்பது மான்தான், நாம் அல்ல. அது துள்ளி ஓடும்போது பின்புறம் மட்டும் ஒரு நொடி தெரியும். அந்த நொடியில் சுடுகிறவன் எங்கே படுகிறது என்று பார்த்தா சுடுகிறான்? குண்டு பட்டும் சாகாத மான் புதருக்குள் போய்ப் படுத்து, மெல்ல மெல்லச் சாகும். தாத்தா அதைப் ‘பாவக் கணக்கு’ என்பார். பரணில் இருப்பவனுக்குப் பொறுமை மட்டும் இருந்தால், மான் பக்கவாட்டில் திரும்பி நிற்கிற வரை காத்திருக்கலாம். குறி தப்பினாலும் குண்டு மண்ணில் போய்ப் புதையும். தரையில் சுட்ட குண்டு தப்பினால் தலை மட்டத்தில் போய்க்கொண்டே இருக்கும். புதருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்களோ?

நம் பையன் சொன்ன ‘ஆம்பிளைத்தனம்’ இதில் எங்கே இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஓராங் அஸ்லி மக்களைப் போலப் பிறந்தது முதல் காட்டோடு வாழ்கிறவர்கள் தரையில் நடந்தால் அது ஒரு வித்தை. அவர்கள் சும்பித்தானை ஊதுவதுகூடப் பெரும்பாலும் தரையில் நின்று மரத்துக் குரங்கையும் அணிலையும் நோக்கித்தான். அமெரிக்கனுக்கு நேர் தலைகீழ்! லாரி ஓட்டுகிறவனும் பட்டறையில் வேலை செய்கிறவனும் வாரக் கடைசியில் தரையில் நடந்தால் அது வித்தை அல்ல, விபத்துக்கு அழைப்பு.

பரண் என்றால் ஆபத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்களுக்குக் காயம் உண்டாக்குகிற பெரிய காரணங்களில் ஒன்று மரத்திலிருந்து விழுவதுதான். உடம்பு முழுவதும் சுற்றி வருகிற வார் ஒன்றைக் கட்டிக்கொண்டு, கால் தரையை விட்டது முதல் மறுபடி தரையைத் தொடும் வரை அதை அவிழ்க்காதே என்று அங்கே சொல்லிக் கொடுக்கிறார்கள். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறக்கூடாது. தோட்டாவை எடுத்துவிட்டுக் கயிற்றில் கட்டிப் பிறகு இழுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் தாத்தாவும் துரை மேலே போய் உட்கார்ந்த பிறகுதான் துப்பாக்கியைக் கயிற்றில் அனுப்புவாராம். எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாரோ!

பரண் ஒன்றும் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது அல்ல. தினைப்புனத்தில் பரண் மேல் நின்று கிளி ஓட்டியதை நம் பழைய பாட்டெல்லாம் சொல்கிறது. வள்ளியை முருகன் கண்டதே அங்கேதான். தமிழ்நாட்டில் மலையோரத்துக் குடியானவர்கள் யானைக்கும் பன்றிக்கும் பயந்து பரணில் இரவெல்லாம் காவல் இருப்பார்கள். ஜவளகிரிப் பக்கத்துக் காடுகளில் ஆட்கொல்லிப் புலியைத் தேடிப் போன கென்னத் ஆண்டர்சன் பல இரவுகள் பரணில்தான் கழித்தார். நமக்குப் பரண் முதலில் காவல் மேடை, பிறகுதான் வேட்டை மேடை.

மாரீசனைச் சாட்சிக்குக் கூப்பிட்டவருக்கு நான் தசரதரை ஞாபகப்படுத்தினேன். இருட்டில் ஆற்றங்கரையில் குடத்தில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்கிறது. யானை தண்ணீர் குடிக்கிறது என்று நினைத்து, கண்ணால் காணாமல் காதால் குறிவைத்து அம்பை விடுகிறார் மன்னர். விழுந்தது, கண்ணில்லாத தாய் தகப்பனுக்குத் தண்ணீர் எடுக்க வந்த பிள்ளை. கண்ணபிரானின் பாதத்தை மான் என்று எண்ணி அம்பு விட்ட வேடன் கதையும் அதுதான். நம் முன்னோர்கள் இந்தக் கதையை ஒரு தடவை சொல்லி நிறுத்தவில்லை, பாருங்கள்.

இப்போது பையனின் சனிக்கிழமைக்கு வருகிறேன். ராத்திரி வேட்டை என்றால் என்ன? தலைவிளக்கை அடித்தால் மானின் கண் மின்னும். உடம்பு தெரியாது, கொம்பு தெரியாது, இரண்டு பொறி மட்டும் தெரியும். அந்தப் பொறியைப் பார்த்துச் சுடுவது. பன்றி என்று நினைத்து ஆளைச் சுட்டுவிட்டான் என்ற செய்தியை நம் நாட்டுப் பத்திரிகையில் நாம் படித்ததில்லையா?

அவனிடம் நான் கேட்டது ஒன்றுதான். “டேய், உங்கம்மா விடிகாலை ஐந்து மணிக்கு நெற்றியில் என்னத்தைக் கட்டிக்கொண்டு போகிறாள்?”

என் தங்கை உலு லங்காட் பக்கம் ஒரு சிறுதோட்டத்தில் இன்னும் பால்மரம் சீவுகிறாள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்று இருட்டிலேயே போகிறவள். இலைகளுக்கு நடுவே தூரத்திலிருந்து பார்த்தால் அவளும் ஒரு பொறிதான். பையன் பதில் சொல்லவில்லை. வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தான்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2010-ல் புதிய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2022-ல் அதைத் திருத்தி, கடுமையான குற்றங்களுக்கு அபராதம் 10 லட்சம் வெள்ளி வரை, சிறை 15 ஆண்டு வரை என்று உயர்த்தினார்கள். தீபகற்பத்தில் ரூசா, கிஜாங் வேட்டைக்கு 2009-லேயே தடை போட்டார்கள். பிறகு அதை நீட்டித்தார்கள். சிரா என்கிற உப்பூறும் இடத்தருகே சுடவும் கூடாது. உப்புக்கு வருகிற பிராணியைப் பரணில் காத்திருந்து கொல்வது, தண்ணீர்ப் பந்தலில் ஆளைப் பிடிக்கிற மாதிரி. துப்பாக்கியோ, 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் உள்ளவன் கையில்தான் இருக்கவேண்டும். ‘ஒருத்தர் தருகிறார்’ என்பது செல்லாது. சந்தேகம் இருந்தால் பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுவது நல்லது.

இந்தக் கெடுபிடியும் காரணமில்லாமல் வரவில்லை. 2016 முதல் 2020 வரை நாடு முழுவதும் புலிக் கணக்கு எடுத்தபோது, காட்டில் மிஞ்சியிருப்பது 150-க்கும் குறைவு என்று தெரிந்தது. கடமான் புலியின் சாப்பாடு. தட்டைப் பிடுங்கிவிட்டுப் புலி எங்கே என்று தேடி என்ன பயன்? தியடோர் ஹப்பேக் என்ற வெள்ளைக்காரர் இதை அந்தக் காலத்திலேயே பார்த்தவர். முதலில் அவரும் யானை, காட்டெருது வேட்டைக்காரர்தான். 1905-ல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். பிறகு மனம் மாறி, பிராணிகளைக் காப்பாற்றக் கிளம்பினார். பயிரைக் கெடுக்கிறது, சுட்டால் என்ன என்று கேட்ட தோட்டத் துரைமாரோடு மோதினார். 1932-ல் அவர் கொடுத்த அறிக்கைக்குப் பிறகுதான், அந்தப் பத்தாண்டின் முடிவில், இன்றைய தாமான் நெகாரா உருவாயிற்று.

பரணா தரையா என்று நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, காட்டைக் காலி செய்வது மூன்றாவது ஒன்று: கம்பிக் கண்ணி. பரணில் இருப்பவன் பார்த்துச் சுடுகிறான், தரையில் நடப்பவன் பாதி பார்த்துச் சுடுகிறான். கண்ணியோ எதையும் பார்ப்பதில்லை. கடமான், புலி, யானைக்குட்டி எது கால் வைத்தாலும் இறுக்கும். வைத்தவன் மறந்து போனாலும் அது காத்திருக்கும். சட்டம் அதை அடியோடு தடுத்திருக்கிறது. 2019 முதல் போலீஸும் ராணுவமும் பெர்ஹிலித்தானோடு சேர்ந்து காட்டுக்குள் போய் அவற்றைப் பிடுங்கி எடுக்கின்றன. தோட்டத்து எல்லையில் நம் ஆட்களும் பன்றிக்கென்று கம்பி கட்டுவதுண்டு, மறுக்கவேண்டாம். பன்றிக்கு வைத்த கம்பி பன்றியை மட்டும் பிடிக்கும் என்று யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்க முடியாது.

சனிக்கிழமை கழிந்து இரண்டு நாள் ஆனதும் தங்கை தொலைபேசியில் கூப்பிட்டாள். பையன் காட்டுக்குப் போகவில்லையாம். “அதை விடுங்கண்ணே, இன்னொரு வேடிக்கை கேளுங்க” என்றாள். அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளாமல் இருக்க ஆரஞ்சு நிற மேலங்கி போடுகிறார்கள் என்றும், மானுக்கு அந்த நிறம் சரியாகத் தெரியாது, மனிதனுக்கு நன்றாகத் தெரியும் என்றும் கல்யாண வீட்டில் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். பையன் லாரியில் கிடந்த மினுமினுக்கும் ஆரஞ்சு மேலங்கியைத் துவைத்துக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்து, இதைப் போடாமல் இனி மரம் சீவப் போகக்கூடாது என்று நிற்கிறானாம்.

“ரோடு போடுற ஆள் மாதிரி இருக்குண்ணே, சிரிக்கிறாங்க எல்லாரும்” என்றாள்.

“போட்டுக்கொண்டு போனாயா?”

“போனேனே. உங்க மருமகன் வாசல்லயே நின்னு பார்த்துட்டுத்தான் உள்ளே போனான்.”