பெடல் வாங்கினா ப்ளூஸ் வந்துடுமா?

கிடார் வாசிக்கிற பசங்க (சில பெரிசுங்களும்தான்) என்கிட்ட கேக்குற கேள்வி பத்துல எட்டு ஒண்ணேதான். "ப்ளூஸ் டோன் வர எந்தப் பெடல் வாங்கணும்?" என் பதிலை முதல்லயே சொல்லிடறேன், ஆபீஸ்ல ஆணி நிறைய இருக்கிறவங்க இத்தோட கிளம்பிடலாம். ஒரே ஒரு ஓவர்டிரைவ் போதும். அதையும் முடிஞ்சா ரிச்சி தெருவுல சாமான் வாங்கி நீங்களே பண்ணுங்க. மிச்சக் காசுக்கு நல்ல கம்பி, நல்ல கேபிள், வீட்டுக்கு ஒழுங்கா ஒரு எர்த்.

இந்தப் பக்கம் பழக்கமில்லாத மக்களுக்காக ஒரு பாரா. எலக்ட்ரிக் கிடார்ல இருந்து கிளம்பற சிக்னலை, ஆம்புக்குப் போறதுக்கு முன்னால நடுவுல மறிச்சு, குணத்தை மாத்தி அனுப்பற சின்ன இரும்புப் பொட்டிதான் பெடல். காலால மிதிச்சு ஆன் பண்றதால அந்தப் பேர். எதிரொலிக்கு டிலே, நாலு கிடார் சேர்ந்து வாசிக்கிற மாதிரி மயக்கத்துக்கு கோரஸ், சத்தத்தைக் கரகரன்னு உடைக்க ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், ஃபஸ். ப்ளூஸ்காரங்களுக்கு வேண்டியது இந்தக் கரகரப்புதான்.

இதுல வேடிக்கை என்னன்னா, கரகரப்புங்கிறது அடிப்படையில ஒரு கோளாறு. ஆம்ப் தன் சக்திக்கு மீறி வேலை செய்யும்போது அலையோட தலை வெட்டுப்படுது, அதுல இருந்து புதுசா சில ஸ்வரங்கள் முளைக்குது. 1951ல மெம்ஃபிஸ்ல 'ராக்கெட் 88' பாட்டைப் பதிவு பண்ணும்போது வில்லி கிசார்ட்டோட ஆம்ப் வழியில அடிபட்டு, ஸ்பீக்கர் கூம்புக்குள்ள காகிதத்தைத் திணிச்சு சமாளிச்சாங்கன்னு ஒரு கதை உண்டு. அந்த உடைஞ்ச சத்தத்தைத்தான் பின்னால எல்லாரும் தேடித் தேடி வாங்கினாங்க. அதே உடைசலை ஒரு பச்சை டப்பாவுக்குள்ள அடக்கி 1979ல ஐபனெஸ் கம்பெனி வித்ததுதான் ட்யூப் ஸ்க்ரீமர்.

சரி, சிகாகோக்காரங்களுக்கு ஏன் சத்தம் தேவைப்பட்டது? மடி வாட்டர்ஸ் 1943ல மிசிசிப்பி பருத்திக் காட்டை விட்டு சிகாகோவுக்கு வேலை தேடி வந்தார். பகல்ல ஆலை வேலை, லாரி ஓட்டுற வேலை, ராத்திரி மதுக்கடையில பாட்டு. ஆளுங்க குடிச்சிட்டுக் கத்துற இடத்துல மரக் கிடார் எடுபடுமா? எலக்ட்ரிக்குக்கு மாறினார். சின்ன ஆம்ப், பெரிய கூச்சல், அதனால ஆம்பை முழுசா திருப்பினாங்க, அது உடைஞ்சது, நல்லா இருந்தது. அவ்வளவுதான் வரலாறு.

நம்ம ஏரியாவும் அப்படி வேலை தேடி வந்தவங்களால ஆனதுதான். 1961ல ஆவடி டாங்கி ஃபேக்டரி, 1964ல அம்பத்தூர் எஸ்டேட். தெக்கத்தி ஆளுங்க, ஆந்திரா பக்கம் ஆளுங்க, இப்போ வடக்கத்திப் பசங்க. ஷிஃப்ட் முடிச்சு வந்து கிடாரைத் தூக்குற ஆள் இங்க நிறைய பேர். ஆனா ஒரு பெரிய வித்தியாசம். மடி வாட்டர்ஸ் ஆம்பைத் திருப்பினா ஜனம் ஆடிச்சு. நான் கொரட்டூர் ஃப்ளாட்டுல ஆம்பை ரெண்டுக்கு மேல திருப்பினா மேல்வீட்டு மாமி கரண்டியோட கீழ இறங்கி வருவாங்க.

ஜோக் இல்லைங்க, என் வாதமே இதுல இருந்துதான் கிளம்புது. "பி.பி.கிங் பெடலா மிதிச்சார்? நேரா ஆம்ப்ல சொருகினார், எல்லாம் விரல்லதான் இருக்கு"ன்னு அடிச்சு விடற ஆளுங்க இருக்காங்க. பாதி உண்மை. அவருக்கு மேடை இருந்தது, ஆம்பை வேண்டிய அளவு திருப்ப இடம் இருந்தது. கதவைச் சாத்திக்கிட்டு ஜன்னல்ல துணி அடைச்சுக்கிட்டு வாசிக்கிறவனுக்கு, குறைஞ்ச சத்தத்துலயே உடையற ஒரு பொட்டி தேவைதான். அதனால "பெடலே வேணாம்"னு நான் சொல்லல. ஒண்ணு போதும்கிறேன்.

இன்னொரு தொல்லையும் உண்டு. சின்னச் சத்தத்துல நம்ம காதுக்கு பாஸும் ட்ரபிளும் சரியா கேக்காது, நடு ஸ்வரங்கள்தான் கேக்கும். அதனால வீட்டுல வாசிக்கிறவன் பாஸையும் ட்ரபிளையும் ஏத்தி, நடுவைக் குறைச்சு, ஆஹா என்ன டோன்னு புல்லரிச்சுப் போய் அதே அமைப்போட சர்ச்சுக்கோ கல்யாண கச்சேரிக்கோ போவான். அங்க டிரம்ஸும் பாஸ் கிடாரும் சேர்ந்தா இவன் கிடார் காணாமப் போயிடும். இல்லைன்னா காதைக் கிழிக்கும். உடனே ஆள் என்ன முடிவுக்கு வருவான்? "பெடல் சரியில்ல, வேற வாங்கணும்." இப்படித்தான் நாலு பெடல், ஆறு பெடலாகுது.

ட்யூப் ஸ்க்ரீமர் ஏன் இத்தனை வருஷம் ஓடுதுங்கிறதுக்கும் விடை இங்கதான் இருக்கு. அது பாஸைக் கொஞ்சம் வெட்டிடும், உச்சியையும் தணிச்சிடும், 700 ஹெர்ட்ஸ் பக்கத்துல நடுவைத் தூக்கி நிறுத்தும். தனியா கேட்டா மூக்கால பாடற மாதிரி இருக்கும். கூட்டத்துக்கு நடுவுல கேட்டா கத்தி மாதிரி வெளிய வரும். ஸ்டீவி ரே வானைக் கேட்டு மயங்கி இதை வாங்கறவங்க ஒண்ணை மறந்துடறாங்க. அந்த மனுஷன் போட்டிருந்தது பதிமூணு கேஜ் கம்பி, அதையும் அரை ஸ்வரம் இறக்கி வச்சிருந்தார். அந்தக் கம்பியில ஒரு பென்ட் இழுத்துப் பாருங்க, ரத்தம் வரும்.

இப்போ ஒரு கோணல் யோசனை. ஆடி மாசம் அம்மன் கோவில்ல கூழ் ஊத்துறப்போ மரத்து மேல கட்டுவாங்களே கோன் ஸ்பீக்கர், ஞாபகம் இருக்கா? எல்.ஆர்.ஈஸ்வரி குரல் மூணு தெரு தாண்டிக் கேக்கும். பாஸ் கிடையாது, ஜிலுஜிலு உச்சி கிடையாது, வெறும் நடு. போதாததுக்கு மைக்செட்காரர் ஆம்பை முழுசா திருப்பியிருப்பார், கரகரன்னு உடைஞ்சிருக்கும். அது என்ன டோன்ங்கிறீங்க? கிட்டத்தட்ட அந்தப் பச்சை டப்பா டோனேதான்! திருவேற்காடு, மாங்காடு பக்கம் வளர்ந்தவனுக்கு அது தாய்ப்பால் மாதிரி. இப்போ பல இடத்துல பாக்ஸ் ஸ்பீக்கர் வந்துடுச்சு, அது வேற கதை. நம்ம காது ஏற்கனவே பழகின ஒரு சத்தத்துக்காக டெக்சாஸ் வரைக்கும் போகணுமாங்கிறதுதான் என் கேள்வி.

காது மட்டும் இல்ல, விரலுக்கும் இங்க முன்கதை இருக்கு. ப்ளூஸோட உயிர்நாடி அந்த மூணாவது ஸ்வரம். மைனரும் இல்லாம மேஜரும் இல்லாம ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ நிக்கும். நம்ம கணக்குல சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையில. கம்பியை இழுத்து அந்த இடத்துல நிறுத்தறதுக்கு எந்தப் பொட்டியும் உதவாது. நாகஸ்வரத்துல கமகம் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்த இடம் காதுக்குத் தெரியும், விரலுக்குத்தான் சொல்லித் தரணும். கமகமும் ப்ளூஸ் பென்டும் ஒண்ணுன்னு ஜல்லியடிக்கல. ரெண்டோட இலக்கணமும் வேற. ஆனா ஸ்வரம் ஒரு புள்ளி இல்ல, ஒரு பாதைங்கிற புத்தி ரெண்டுக்கும் பொது.

இதைப் பேசறப்போ கிடார் பிரசன்னாவை விட்டுட்டுப் போக முடியாது. ராணிப்பேட்டைக்காரர். நம்ம பூந்தமல்லி வழியா போற அதே பெங்களூர் ரோட்டு ஊர்தான். ஐஐடி மெட்ராஸ்ல கப்பல் கட்டுமானம் படிச்சு, அப்புறம் பாஸ்டன் பெர்க்லீல இசை படிச்சவர். 2006ல 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்'னு ஒரு ஆல்பம் போட்டார். ஜிமி ஹென்ட்ரிக்ஸோட 1968 'எலெக்ட்ரிக் லேடிலேண்ட்'டுக்கு வணக்கம். ஹென்ட்ரிக்ஸ்கிட்ட ஃபஸ், வா-வா, யூனிவைப்னு பொட்டிகள் உண்டு. அதே பொட்டிகளை அடுக்கினா அவரோட நகல் ஆகலாம். பிரசன்னா அதைச் செய்யல. கர்நாடக விரலோட, உடைஞ்ச சத்தத்துக்குள்ள போனார். கேட்ட நிமிஷத்துல யார்னு தெரியுது. சொந்த டோன்னா நான் புரிஞ்சுக்கிறது அதைத்தான்.

சரி, காசு விஷயத்துக்கு வரேன். இதை எழுத உக்காந்ததே அதுக்குத்தான்.

எஸ்டேட்ல சிஎன்சி ஓட்டுற ஒரு தம்பி. திருமுல்லைவாயில் பக்கம் ஒரு சர்ச்சுல ஞாயித்துக்கிழமை வாசிக்கிறான். நம்ம பக்கத்துல பாதிப் பேருக்குக் கிடார் வாத்தியார் சர்ச்தான், அது இல்லைன்னா அம்பத்தூர்ல 'இளைய நிலா' ஆரம்பத்தைத் தாண்டினவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். இவன் பையன்கிட்ட விஷயம் இருக்கு, பென்ட் சுத்தமா நிக்குது. போன வாரம் வந்து, "அண்ணா, நாப்பதாயிரத்துக்கு ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் பார்த்தேன், இஎம்ஐல எடுத்துடவா?"ன்னான். அவன் சம்பளத்துல ரெண்டு மாசத்தை அது முழுங்கும். "உன் டோன் எப்படி இருக்கணும்?"னு கேட்டேன். ஒரு யூட்யூப் வீடியோவைக் காட்டினான். அதுல வாசிச்ச ஆள் ஓஹையோக்காரர் :-)

மல்டி எஃபெக்ட்ஸ் மோசம்னு சொல்ல வரல. ஆராதனையில டிலேயும் கோரஸும் வேணும், பத்து பாட்டுக்குப் பத்து சத்தம் வேணும், அதுக்கு அது சௌகரியம். அதுக்குப் பழசு ஒண்ணு பாதி விலைக்குக் கிடைக்கும், எடுத்துக்கட்டும். ஆனா ப்ளூஸ் கத்துக்கிறவனுக்கு நூறு சத்தம் கையில கொடுத்தா அவன் வாசிக்க மாட்டான், திருகிக்கிட்டே இருப்பான். ராத்திரி ஒரு மணி நேரம் கிடைக்குதுன்னா அதுல நாப்பது நிமிஷம் மெனுவுக்குள்ள போயிடும். ஷிஃப்ட் வேலை பார்க்கிறவனோட அந்த நாப்பது நிமிஷத்துக்கு எந்தக் கம்பெனி வட்டி கொடுக்கும்?

அவனுக்கு நான் சொன்ன வழி: அம்பத்தூர்ல ரயிலேறி சென்ட்ரல். அங்கிருந்து நடந்தாலே ரிச்சி தெரு. 4558னு ஒரு ஐசி கேளு. நம்ம ஊர் மைக்செட் ஆளுங்க பாஸ்-ட்ரபிள் போர்டுல போடறாங்களே, அதே ரகம்தான் ட்யூப் ஸ்க்ரீமருக்குள்ளயும் உக்காந்திருக்கு. ரெண்டு 4148 டயோடு, கொஞ்சம் ரெசிஸ்டர், கெபாசிட்டர், மூணு பாட், ஒரு மிதி சுவிட்ச், ஒரு அலுமினிய டப்பா. ஆயிரம் ரூபாய்க்குள்ள அடங்கும். சர்க்யூட் நெட்ல கொட்டிக் கிடக்கு. சிஎன்சி ஓட்டுறவனுக்கு டப்பாவுல ஓட்டை போட நான் சொல்லித் தரணுமா என்ன?

பண்ணி முடிச்சப்புறம்தான் சுவாரசியம். டயோடைக் கழட்டிட்டு ரெண்டு சிவப்பு எல்ஈடி போடு. சிலிக்கான் டயோடு 0.6 வோல்ட் பக்கத்துலயே வெட்டும், எல்ஈடி இன்னும் மேல போய்த்தான் வெட்டும். சத்தம் பெருசாகும், கரகரப்பு குறையும், விரல் அழுத்தம் தெளிவா தெரியும். ஒரு பக்கம் ஒரு டயோடு, மறுபக்கம் ரெண்டு போட்டா வேற குணம். ஒவ்வொண்ணையும் மாத்தி வாசிச்சுப் பார்த்து, எது பிடிக்குதோ அதை வச்சுக்கோ. ஏன் பிடிச்சதுன்னு உனக்கே தெரியும். கடையில வாங்கினதுல இந்த 'ஏன்' கிடைக்காது.

பழைய ரேடியோவுல இருந்து எடுத்த ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் வச்சு ஃபஸ் பண்ணணும்னு சிலருக்கு வெறி. பண்ணுங்க, அழகான சத்தம். ஆனா ஜெர்மானியத்துக்கு வெயில் ஆகாது. சூடு ஏற ஏறக் கரன்ட் கசியும், அமைப்பு நகர்ந்து போகும். மார்கழியில தேனா பாடினது சித்திரையில தும்மும். ஆவடி வெயிலுக்கு சிலிக்கானே மேல்.

எர்த் விஷயத்தையும் சொல்லிடறேன், யாரும் பேசறதில்ல. எங்க ஏரியா பழைய வீடுகள்ல மூணு பின் சாக்கெட் இருக்கும், மூணாவது ஓட்டைக்குப் பின்னால ஒண்ணும் இருக்காது. ஓவர்டிரைவ் போட்டா கிடாரை விட ஹம் பெருசா கேக்கும். பெடலைத் திட்டறதுக்கு முன்னால எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. அப்புறம், பெரும்பாலான பெடலுக்கு அடாப்டர் முனையோட நடுவுல நெகட்டிவ் வரணும். பொதுவா கடையில கிடைக்கிற ஒன்பது வோல்ட் அடாப்டர் பலதும் நடுவுல பாசிட்டிவ். பார்த்து வாங்குங்க, மாத்திச் சொருகினா புகை வரும் அபாயம் உண்டு.

தம்பி இன்னும் இஎம்ஐ ஃபாரத்தைக் கிழிச்சுப் போடல, பையிலதான் வச்சிருக்கான். ஆனா சாமான் லிஸ்ட்டையும் எழுதி வாங்கிட்டுப் போனான். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு நேரா வீட்டுக்கு வரேன்னிருக்கான், சால்டரிங் அயர்ன் என்கிட்ட இருக்கு. அந்தப் பக்கம் இருக்கிற கிடார்காரங்க யாராவது சேர்ந்துக்கிறதுன்னா வாங்க. வாசிச்சுப் பார்க்க ஆம்பும் இருக்கு. ராத்திரி ஒன்பது வரைக்கும்தான், அதுக்கு மேல மாமி.