குட்டி ஜப்பான் என்று சொன்னால் மட்டும் போதுமா?

சிவகாசியைப் பற்றி யார் மேடையேறிப் பேசினாலும் மூன்றாவது வாக்கியத்துக்குள் ‘குட்டி ஜப்பான்’ வந்துவிடும். நேரு வைத்த பெயர் என்பார்கள். கல்லூரி ஆண்டு விழாவோ, அச்சக அதிபர் வீட்டுக் கல்யாணமோ, கைதட்டல் உறுதி. ஆனால் நிஜ ஜப்பானில் இதே மாதிரி கைத்தொழிலை நம்பி இருந்த ஓர் ஊர் என்ன செய்து முன்னேறியது என்று அந்த மேடைகளில் யாரும் சொல்வதில்லை. சொன்னால் கைதட்டல் கொஞ்சம் குறையும்.

அந்த ஊர் ஷிசுவோகா. டோக்கியோவுக்கு மேற்கே, ஃபூஜி மலை தெரியும் தூரத்தில் இருக்கிறது. பரம்பரையாக மரவேலைக்குப் பெயர் போன ஊர். 1945-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் எரிந்து கரியானது. அடுத்த வருடமே யோஷியோ தமியா என்பவர் அங்கே ஒரு மர வியாபாரம் தொடங்கினார். கூடவே சின்னதாக மர மாடல்களும் செய்து விற்றார்கள். 1951-இல் தீப்பிடித்து எல்லாம் போயிற்று. மிஞ்சியதை வைத்துக்கொண்டு, மர வியாபாரம் வேண்டாம், மாடல் மட்டும் போதும் என்று இறங்கினார்கள். 1960-இல் முதல் பிளாஸ்டிக் மாடல், யமாட்டோ போர்க்கப்பல். விலைப் போட்டியில் செம அடி! அதற்கப்புறமும் விடவில்லை. பின்னாளில் கம்பெனியை நடத்திய மகன் ஷுன்சாகு தமியா (2025-இல் காலமானார்) ஒரு போர்ஷே 911 காரை விலைக்கு வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பார்த்தார். ஒரு பொம்மைக் காருக்காக! 1976-இல் வந்த 1/12 அளவு போர்ஷே 934 அப்படிப் பிறந்ததுதான்.

இன்று தமியா மட்டுமல்ல, ஹாசெகாவா, அவோஷிமா, ஃபுஜிமி என்று மாடல் உலகத்தின் பெரிய பெயர்கள் பல அந்த ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு மே மாதமும் அங்கே நடக்கும் ஹாபி ஷோவுக்கு உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் போகிறார்கள். எரிந்து போன ஒரு மரக்கடையின் பெயர், சென்னையில் கார் மாடல் ஒட்டும் பையன் வாயில் சாமி பெயர் மாதிரி வருகிறது.

சிவகாசியின் கதையும் இதற்குக் குறைந்ததல்ல. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். மழை ஏமாற்றும் கரிசல் பூமி, விவசாயத்தை நம்ப முடியாது. வறண்ட காற்று தீக்குச்சிக்கும் பட்டாசுக்கும் வசதியாகப் போயிற்று. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அப்படி வந்த அச்சகம் காலண்டர், டைரி, நோட்டு, கல்யாணப் பத்திரிகை என்று வளர்ந்து நாடு முழுக்கப் போனது. தேவை எங்கே இருக்கிறது என்று பார்த்து அடுத்த தொழிலுக்குத் தாவும் புத்தி அந்த மண்ணில் இருந்தது. கேள்வி, அந்தப் புத்தி இப்போது எங்கே போனது என்பதுதான்.

ஒரு ஸ்கேல் மாடல் கார் கிட் செய்ய என்னென்ன வேண்டும்? நல்ல அட்டை வேண்டும். நான்கு கலரும் இம்மி பிசகாமல் ஒன்றன் மேல் ஒன்று உட்காரும் ஆஃப்செட் அச்சு வேண்டும். பிளைவுட்டில் பிளேடு பதித்துச் செய்யும் டை வேண்டும். மடிக்கும் இடத்தில் கிரீசிங் வேண்டும். கடைசியில் அழகான பெட்டி. இதில் சிவகாசியில் இல்லாதது எது? ஒரு தெருவில் நின்று கத்தினால் ஐந்து பேரும் வந்துவிடுவார்கள். ஸ்வீட் பாக்ஸுக்கு டை அடிக்கிறவருக்கு அம்பாசிடர் கதவுக்கு டை அடிப்பது பெரிய வித்தை கிடையாது.

“அட்டையில் செய்தால் அது மாடலா? மாடல் என்றால் பிளாஸ்டிக்தான்” என்று ஒரு கோஷ்டி உடனே கிளம்பும். இந்த கோஷ்டிக்கு போலந்தைக் காட்ட வேண்டும். அங்கே 1957-இல் ‘மாலி மொடெலாஷ்’ என்று ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். ‘குட்டி மாடல்காரன்’ என்று அர்த்தம். இதழை வாங்கி, வெட்டி, ஒட்டினால் கப்பல், விமானம், வண்டி. பிளாஸ்டிக் கிட் சுலபமாகக் கிடைக்காத கம்யூனிச ஆட்சிக் காலத்தில் ஒரு நாட்டுப் பிள்ளைகளே அந்தத் தாளை வைத்துத்தான் மாடல் கற்றார்கள். பிளாஸ்டிக் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. விமானம் என்றால் 1/33, வண்டி என்றால் 1/25 என்று அவர்களுக்கென்று அளவே வைத்துக்கொண்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அட்டை என்று சொல்லவே முடியாது.

அட்டை மாடல் சுலபம் என்றும் நினைத்துவிட வேண்டாம். அட்டை ஒரு பக்கம்தான் வளையும், ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் வளையாது. அம்பாசிடரின் உருண்ட பானெட்டும் மட்கார்டும் அதனால் தலைவலி பிடித்த சமாச்சாரம். பூ இதழ் மாதிரி கீறல் கீறலாக வெட்டி, ஒன்றோடொன்று இழுத்து ஒட்டினால்தான் அந்தத் தொப்பை வரும். தாளின் நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்க்காமல் மடித்தால் விரிசல் விடும். வெட்டிய ஓரத்தில் வெள்ளை தெரியும், அதற்கு அதே கலரில் பிரஷ் போட வேண்டும். சக்கரத்துக்கு வட்டம் வட்டமாக அட்டையை அடுக்கி ஒட்டி, ஃபெவிக்விக்கை ஊறவிட்டு, உப்புத்தாளில் தேய்த்தால் ரப்பர் டயர் தோற்கும். மேட்ச்பாக்ஸ், ஹாட் வீல்ஸ் வாங்கி, அடியில் ரிவெட்டை டிரில் போட்டுக் கழற்றி, பெயின்டை உரித்து, வேறு கலர் அடித்து, வேறு சக்கரம் மாட்டுகிறார்களே, அந்தக் கஸ்டமைஸ் வேலைக்கு இது எந்த விதத்தில் குறைச்சல்?

அந்தக் கூட்டத்தையும் கொஞ்சம் கேட்க வேண்டியிருக்கிறது. கூடிப் பேசினால் ஒரே ஒப்பாரி, சுங்க வரி. வரி உயர்ந்தது உண்மை. பொம்மைகளுக்கு 20 சதவீதமாக இருந்த இறக்குமதி வரி 2020-இல் 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. சுங்கப் பட்டியலில் குழந்தை விளையாடும் கிலுகிலுப்பையும் நாற்பது வயசுக்காரர் மூன்று மாதம் உட்கார்ந்து ஒட்டும் ஃபெராரி கிட்டும் 9503 என்ற ஒரே தலைப்பின் கீழ்தான் வருகின்றன. அநியாயம்தான். ஆனால் ஐந்து வருடத்துக்கு மேலாக அழுகிறவர்கள், “சரி, நாமே செய்தால் என்ன?” என்று ஒரு தரமாவது கேட்க வேண்டாமா? வெளிநாட்டுச் சரக்கு உள்ளே வராமல் அரசாங்கம் சுவர் கட்டிக் கொடுத்துவிட்டது. சுவருக்கு உள்ளே வீடு கட்ட ஆளைக் காணோம். ஸ்கைலைனும் மஸ்டாங்கும் கிடைக்கவில்லை என்று ஏங்குகிறவர், 2014 வரைக்கும் தன் தெருவிலேயே டாக்சிக்கு என்று புதிதாக வந்து நின்ற அம்பாசிடரை ஒட்டிப் பார்க்க ஒரு கிட் இல்லையே என்று ஏங்குவதில்லை. (தில்லியில் செய்து வரும் சென்டி பொம்மைகளில் அம்பாசிடர், ஆட்டோ, லாரி எல்லாம் உண்டு. நல்ல விஷயம். ஆனால் அது முழுசாகச் செய்து வருவது, பின்னால் இழுத்து விட்டால் ஓடுவது. ஒட்டும் கிட் அல்ல.)

அடுத்தது ஊருக்குள் இருந்து வரும் குரல். “இதெல்லாம் வெட்டி வேலை. பொம்மை காரை ஒட்டிக்கிட்டு உட்கார்ந்தா சோறு வருமா?” இந்தக் குரலைக் கிண்டல் செய்து ஒதுக்கிவிட முடியாது. அது எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டுமானால் மேட்ச்பாக்ஸ் என்ற பெயரின் கதையைப் பார்க்க வேண்டும். லண்டனில் லெஸ்னி என்ற கம்பெனியில் ஜாக் ஓடெல் என்ற பொறியாளர் இருந்தார். அவர் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்குகிற பொம்மையைத்தான் கொண்டுவரலாம் என்று விதி. அப்பா ஒரு ரோடு ரோலரைக் குட்டியாகச் செய்து தீப்பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார். மற்ற பிள்ளைகளும் கேட்டார்கள். 1953-இல் அதுவே ‘மேட்ச்பாக்ஸ்’ என்று கடைக்கு வந்தது.

லண்டன் பிள்ளை தீப்பெட்டிக்குள் பொம்மை வைத்துப் பள்ளிக்குப் போன அந்தக் காலத்திலும், அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளும், சிவகாசி, சாத்தூர் கிராமங்களில் அதே வயசுப் பிள்ளைகள் விடிவதற்கு முன்னால் எழுந்து தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனார்கள். கட்டை அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள், குச்சி அடைத்தார்கள். விரல் எத்தனை வேகம் ஓடுகிறதோ அத்தனை காசு. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. கைக்குக் கூலி பேசி வளர்ந்த தலைமுறைக்கு, சும்மா ஆசைக்காக ஒட்டும் கை வெட்டிக் கையாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. நுங்கு தின்ற கூந்தல் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளி ஓட்டினார்களே, அதுவும் வண்டிதான். காலித் தீப்பெட்டியை நூலில் கட்டி, சோடா மூடியைச் சக்கரமாக வைத்து லாரி ஓட்டியவர்களும் அவர்கள்தான். அந்தக் கைக்கு விளையாட்டு மறக்கவில்லை. நேரம்தான் கிடைக்கவில்லை. இன்றைக்கு அவர்கள் பேரப்பிள்ளைக்கு நேரம் இருக்கிறது. அதைச் செல்போன் தின்கிறது. அதைப் பார்த்து “வெட்டி வேலை” என்று யாரும் இத்தனை சத்தமாகச் சொல்வதில்லை, கவனித்திருக்கிறீர்களா?

“பட்டாசை நம்பி லட்சக்கணக்கான பேர் இருக்கும்போது அட்டைக் கார் யாருக்குச் சோறு போடும்?” என்பது இன்னும் நியாயமான கேள்வி. நேர்மையான பதில்: பட்டாசுக்கு மாற்றாக இது ஆகாது. அப்படிச் சொல்கிறவர் ரீல் விடுகிறார். ஆனால் பட்டாசும் தீப்பெட்டியும் தில்லியைப் பார்த்தே மூச்சு விடும் தொழில்களாகிவிட்டன. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பைத் தடுத்தது, சரவெடியைத் தடுத்தது, தீபாவளிக்கு ராத்திரி எட்டிலிருந்து பத்து என்று இரண்டு மணி நேரம் கொடுத்தது. தீப்பெட்டிக்காரர்கள் கேட்டுக் கேட்டு 2023-இல்தான் 20 ரூபாய்க்குக் கீழான லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்தது. ஒரு ரூபாய் தீப்பெட்டி இரண்டு ரூபாய் ஆக 14 வருடம், 2021 டிசம்பர் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அச்சகமும் வருடத்தில் சில மாதம் காலண்டரில் ராப்பகலாக ஓடிவிட்டு மீதி நாளில் கொட்டாவி விடுகிறது. அந்தக் கொட்டாவி நேரத்தில் ஓட்டுவதற்கு ஒரு வேலை வேண்டாமா? இதற்கு நாக்பூர் லைசென்ஸ் வேண்டாம். அறைக்கு இத்தனை பேர் என்ற கணக்கு வேண்டாம். மருந்துக் கலவை வெயிலில் சூடாகி அறை தரைமட்டமாகும் பயம் இல்லை. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டதும் எந்த ஆலை, எந்த ஆலை என்று ஊர் பதறாது. பெட்டி ஒட்டிப் பழகிய கை அந்தக் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு மடிக்கத் தெரிந்த அந்தப் பெண்களை விட்டால், ஒரு கிட் ஒட்ட வருகிறதா இல்லையா என்று சோதித்துச் சொல்ல உலகத்தில் வேறு ஆள் யார்?

சிக்கல் இல்லை என்று சொல்ல முடியாது. 2021 ஜனவரியிலிருந்து 14 வயசுக்குட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். சின்ன யூனிட்டுக்கு அந்தச் சோதனையும் கட்டணமும் சுமைதான். பெரியவர்களுக்கான கிட்டாக ஆரம்பிக்கலாம், பிறகு முத்திரை வாங்கிப் பள்ளிக்கூடம் பக்கம் போகலாம். அதை விடப் பெரிய சிக்கல் வரைபடம். அச்சு, டை எல்லாம் இருக்கிற ஊரில், ஒரு வண்டியை டேப் வைத்து அளந்து, தட்டையான தாளில் விரித்து வரைய ஆள் வேண்டும். தெர்மகோலிலும் ஃபோம் ஷீட்டிலும் அரசு பஸ்ஸை ஜன்னல் கம்பி வரைக்கும் செய்து யூடியூபில் போடும் பையன்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் கையில் அளவு இருக்கிறது, அச்சகம் இல்லை. அச்சகக்காரர் கையில் மெஷின் இருக்கிறது, அளவு இல்லை. இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. அச்சக அதிபர் பிள்ளையோ இன்ஜினியரிங் முடித்துவிட்டு, அடுத்த வருடக் காலண்டருக்கு எந்த முருகன் படம் என்பதோடு நிற்கிறார்.

முதல் கிட் ஃபெராரி வேண்டாம். பஸ் போதும். பஸ்ஸில் உருண்டை வளைவு குறைவு, அட்டைக்கு ஏற்ற உடம்பு. 12 மீட்டர் பஸ் 1/50 அளவில் 24 சென்டிமீட்டர் வரும், தாராளமாக டிவி மேல் நிற்கும். ஒரே டையில் வெட்டி, அச்சை மட்டும் மாற்றினால் பழைய பச்சை பஸ், மஞ்சள் புறநகர் பஸ், முகத்தில் ரோஸ் கலர் பூசிய டவுன் பஸ் என்று வகை வகையாக விடலாம். ஒரு தாள் அச்சில்லாமல் வெள்ளையாகவே கொடுக்க வேண்டும், கலர் அடித்துக் கஸ்டமைஸ் பண்ணுகிறவருக்கு. போர்டு மட்டும் முதல் பதிப்பில் மாறவே கூடாது: விருதுநகர் – சிவகாசி, வழி திருத்தங்கல்.