பாசி எடுக்கும் கைகளின் காயத்தை யார் எழுதுவது?

விபத்தைத் தடுக்க விழிப்புணர்வு போதும், அதற்கென இளம் ஆய்வாளர்களுக்குப் பணம் கொடுப்பது வீண் என்கிறார்கள். ராமநாதபுரம் கடற்கரையை அறிந்தவர்களால் இதை ஏற்க முடியாது.

கவனமாக இருந்தால் காயம் வராதாம். பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டி மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்கிறார்கள். இதற்கு மேல் என்ன கவனம் வேண்டும்? அப்படியும் கை கிழிகிறது. வீட்டிலேயே கட்டுப்போட்டு மறுபடி கடலில் இறங்குபவரின் காயம் எந்த ஆஸ்பத்திரிக் கணக்கிலும் ஏறாது. எந்த உறை போட்டால் பாசியும் பறிக்க வரும், தோலும் தப்பும் என்பதை அவர்களோடு இருந்து கேட்டு எழுத ஓர் ஆள் வேண்டும்.

மீனவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் கொடுத்தால் போதும் என்பவர்கள், அதைப் போட்டுக்கொண்டு வலை இழுக்க முடிகிறதா என்று படகில் ஏறிப் பார்க்க வேண்டும்.

பணத்தைச் சிகிச்சைக்குக் கொடுங்கள் என்பது இன்னொரு வாதம். சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் சிகிச்சை தரும் ‘இன்னுயிர் காப்போம்’ நல்ல திட்டம்தான். நீரில் மூழ்கியவருக்கோ சில நிமிடங்களே உண்டு; அங்கே தடுப்புதான் உயிர் காக்கும். வங்கதேசத்தில் ஆய்வாளர்கள் ஊர் ஊராகக் காயங்களைக் கணக்கெடுத்தார்கள். தாய் வீட்டு வேலையில் இருக்கும் முற்பகலில்தான் குழந்தைகள் அருகிலுள்ள குளங்களில் மூழ்குகிறார்கள் என்று தெரிந்தது. அந்த நேரத்துக்குக் கிராமக் காப்பகங்கள் வந்தன. அவற்றில் சேர்ந்த குழந்தைகளிடையே சாவு வெகுவாகக் குறைந்தது. அந்த நேரத்தைக் கண்டு சொன்னது ஆராய்ச்சி.

இளைஞர்கள் பட்டம் வாங்கியதும் போய்விடுவார்கள் என்கிறார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் 1949 முதல் 1971 வரை மண்டபத்தில் இருந்தது. இன்றும் அங்கே அதன் மையம் இருக்கிறது. சம்பளமும் மூத்தவர் துணையும் இருந்ததால் மீன் வரத்து தலைமுறைகளாக எண்ணப்படுகிறது. அதே கரையில் இறங்கும் மனிதரின் காயத்தை எண்ண அப்படியோர் ஏற்பாடு இல்லை.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது; இந்த ஆய்வைச் செய்ய மாணவர்கள் அங்கே இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மாணவர்களுக்குத் தரும் குறுகிய கால ஆய்வு உதவித்தொகை இரண்டு மாதத்துக்கானது. அது ஏப்ரல் 15இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விழுந்தால், கடலுக்குப் போகும் விசைப்படகு ஒன்றைக்கூட அந்த மாணவர் பார்க்க மாட்டார். குறைந்தது ஒரு முழு வருடத்துக்கு உதவித்தொகை, வழிகாட்ட ஒரு பேராசிரியர், ஆஸ்பத்திரி, கடலோரக் காவல் நிலையப் பதிவேடுகளைப் பார்க்க அனுமதி: இந்த மூன்றையும் மாவட்ட நிர்வாகமும் கல்லூரியும் சேர்ந்து வரும் கல்வியாண்டிலேயே தர வேண்டும்.