சிவப்பாய் இருந்தால் எல்லாம் ஒரே ஓயிலா?

"உதுக்கென்ன தம்பி, சிவத்த ஓயில்தானே. எதை விட்டாலும் ஓடும்."

ஓட்டோ கியர் கார் வைத்திருக்கிற எங்கட தீவுப் பெடியளில் இந்த வசனத்தைக் கேட்காதவர்கள் குறைவு. இந்த வசனத்துக்கு எதிராகத்தான் எழுதுகிறோம்.

போன மாரியில் எங்கட நண்பன் ஒருவன், நெடுந்தீவிலிருந்து கிளினிக்குக்கு வந்த தாயை ஏற்றக் குறிகட்டுவானுக்குப் போனான். பெரிய சைலன்சர், அலோய் வீல் எல்லாம் பூட்டின கார். திரும்பும்போது புங்குடுதீவு - வேலணைத் தாம்போதியில் எஞ்சின் கத்துது, கார் அசையேல்லை. இரண்டு பக்கமும் கடல். அன்றைய கிளினிக் போனது போனதுதான். காரணம், சீ.வீ.ரீ பெட்டிக்குள் யாரோ விட்ட சாதாரண ஏ.ரி.எஃப்.

சாதாரண ஓட்டோ கியரில் கிளச் தட்டுகள் கொஞ்சம் வழுக்கி, பிறகு பிடிக்க வேண்டும். ஓயிலின் கலவை அதற்கென்றே செய்தது. சீ.வீ.ரீயில் உருக்குப் பட்டி கப்பிகளுக்கிடையில் வழுக்கவே கூடாது. வழுக்கினால் கப்பி கீறுப்படும், பெட்டி முடிஞ்சுது. ரொயோட்டாவின் ரீ-4, டபிள்யூ.எஸ் இரண்டும் ஏ.ரி.எஃப்தான், ஆனால் டபிள்யூ.எஸ் மெல்லியது. சிவப்பு என்பது ஒழுக்கு எங்கே என்று காட்டப் போட்ட சாயம் மட்டும்.

குதிரைவலுவைக் கூட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வலு கூடினால் ரோர்க் கொன்வேட்டர் கூடச் சூடாகும். 10 பாகை சூடு கூடினால் ஓயிலின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. அமெரிக்கப் பந்தயக்காரர் சிலர் போர்ட்டின் பழைய ரைப்-எஃப் ஓயில் விடுவார்கள், அது கிளச்சைச் சட்டென்று பிடிக்க வைக்கும். ஆனால் அவர்கள் பெட்டியையே அதற்கேற்பத் திருத்திக் கட்டியவர்கள். நாங்கள் வீடியோவைப் பார்த்து ஓயிலை மட்டும் மாற்றுகிறோம். சைலன்சருக்குக் காசு இருக்கு, ஓயில் கூலருக்கு இல்லை!

"பொருளாதாரத் தடைக் காலத்தில மண்ணெண்ணெயில கார் ஓட்டின ஆக்கள் நாங்கள்" என்று பெருமை பேசுவோர் உண்டு. உண்மைதான். ஆனால் அவர்கள் கண்டதையும் ஊற்றவில்லை. கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் செய்து, எஞ்சினைச் சூடாக்கி, பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். எஞ்சினை விளங்கினதால் ஓடியது. விளங்காமல் ஊற்றுவதற்கு அந்தப் பெருமையைச் சாட்டாதீர்கள்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்குத் திரும்பத் திறக்க 2025 பெப்ரவரி ஆனது. விலையைப் பார்த்தால் எங்களில் பலருக்கு இருக்கிற பழைய காரேதான் கதி. ஆகவே கைநூலைத் திறவுங்கள். அது யப்பான் மொழியில் இருந்தால் போனில் படமெடுத்து மொழிபெயர்த்துப் பாருங்கள். சீல் உடைக்காத கானைக் கேளுங்கள், பெயரை வாசியுங்கள், கண்முன்னே விடச் சொல்லுங்கள். "எதை விட்டாலும் ஓடும்" என்றால் அடுத்த கராஜுக்குப் போங்கள். தாம்போதியில் நிற்கப்போவது சொன்னவர் இல்லை, நீங்களும் உங்கட அம்மாவும்தான்.