தமிழை அறுக்கும் ‘கட்’

அடுப்படியில் காய் ‘கட்’, முடிதிருத்தகத்தில் மயிர் ‘கட்’, மின்னோட்டம் ‘கட்’, தொலைபேசி ‘கட்’, கூலியில் ‘கட்’, வகுப்புக்கும் ‘கட்’! ‘பண்ணு’ என்னும் ஒற்றைச் சொல்லை ஏவலாளாய் அமர்த்திக்கொண்டு, ஓர் அயற்சொல் தமிழன் நாவினின்று அவன் முன்னோர் ஈட்டிய வினைகளை ஒவ்வொன்றாய் வெளியேற்றி வருகின்றது.

அவ்வினைகள் எத்தனை! மரத்தை வெட்டுவர், கதிரை அறுப்பர், கீரையை அரிவர், காயை நறுக்குவர், மலரைக் கொய்வர், கிளையைக் கழிப்பர், தலைமயிரைக் கத்தரிப்பர், முகமயிரை மழிப்பர். பொருள் எது, கருவி எது, செயலின் அளவு எது என்பதை வினையே சொல்லிவிடும். மின்னோட்டமோ நிற்கும், தொலைபேசித் தொடர்பு துண்டிக்கப்படும், கூலி பிடிக்கப்படும், வகுப்புக்கு மட்டம் போடுவர்.

ஒரு வினை வீழின் அதன் குடும்பமே வீழும். ‘அறு’ போனால் அறுவடையும் அறுவையும் அறுதியும் வேரற்றவையாகும். ‘அரி’ போனால் அரிவாளும் அரிதாளும் பொருள் விளங்காப் பெயர்களாகும். ‘துணி’ என்பதற்கு அறுத்தல் என்பது பொருள். அறுக்கப்பட்டதனாலேயே உடுக்கும் துணி அப்பெயர் பெற்றது. இதனை இன்று அறிந்தோர் எத்தனை பேர்? இழப்பு தொடங்கிவிட்டமைக்கு இதுவே சான்று.

“ஆங்கிலமும் கடன் கொண்டுதானே வளர்ந்தது?” என்பார் உளர். அவர் அச்சொல்லின் வரலாற்றையே அறிக! ‘கட்’ ஆங்கில எழுத்தில் தலைகாட்டியது 13ஆம் நூற்றாண்டின் இறுதியளவில்தான். பழைய ஆங்கிலத்தில் அறுத்தலைக் குறித்த ‘சுனீதன்’ வழக்கிழந்தது. அதன் இனச்சொல் செருமானியத்தில் இன்றும் வாழ்கின்றது. பொதுவாக வெட்டுதலைக் குறித்த ‘கார்வ்’, மரமும் கல்லும் செதுக்குதற்கும் இறைச்சி அரிதற்குமாகச் சுருங்கிற்று. புதுச்சொல் ஏறப் பழஞ்சொல் இறங்கும் என்பதை அம்மொழியே காட்டிற்று.

ஆயினும் ஆங்கிலன், விறகு பிளத்தற்கும் புல் அறுத்தற்கும் ஆட்டு மயிர் கத்தரித்தற்கும் கிளை கழித்தற்கும் வெவ்வேறு வினைகளை இன்றும் காத்து வைத்துள்ளான். தமிழனோ அவனிடம் ஒன்றை வாங்கித் தன் பத்தினை எறிகின்றான். இதுவா வளர்ச்சி?

மறைமலையடிகள் 1916-இல் தொடங்கிய தனித்தமிழ்ப் போர் பெயர்ச்சொற்களோடு முடிந்துவிடவில்லை. பெயர்ச்சொல்லைக் கடைப்பலகையில் மீட்கலாம். வினைச்சொல்லை வீட்டில்தான் மீட்க வேண்டும். அதற்கு ஆட்சியும் வேண்டா, சட்டமும் வேண்டா. குழந்தையின் செவியில் விழுமாறு, தாய் “காய் நறுக்குகின்றேன்” என்றும், தந்தை “மயிர் கத்தரித்து வருகின்றேன்” என்றும் சொல்லட்டும். அச்சொற்கள் அடுத்த தலைமுறைக்கும் வாழும்.

தமிழர்களே, அறுக்க வேண்டியது அடிமை வழக்கை, அன்னைமொழியை அன்று!