வறுமை காத்த கோபுரங்கள்

இத்தாலி என்றதும் உரோமாபுரியும் வெனிசும் புளோரன்சுமே நம் நினைவில் எழுகின்றன. அப்பெருநகரங்களுக்கு இடையே குன்றுகளின் மீது ஒதுங்கியிருக்கும் சிற்றூர்கள், பெருநகரங்கள் கூறாத செய்திகள் சிலவற்றைக் கூறுவன. அத்தகைய ஊர்களுள் ஒன்றான சான் ஜிமிஞானோவுக்கு இவ்வாரம் செல்வோம். மாணவர்கள் தேசப்படத்தில் புளோரன்சுக்குத் தென்மேற்கே தேடிப் பார்க்க.

எல்சா ஆற்றுப் பள்ளத்தாக்கை நோக்கிய குன்றொன்றில், 300 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்தது இவ்வூர். தொலைவில் வரும்போதே கோபுரங்கள் கண்ணிற் படும். அவற்றுட் பெரும்பாலானவை கோயிற் கோபுரங்கள் அல்ல; செல்வர் தம் வீட்டோடு சேர்த்து எழுப்பிய கற்கோபுரங்கள். ஒரு காலத்தில் 72 இருந்தன என்பர். இன்று எஞ்சியவை 14.

இத்துணைச் சிறிய ஊருக்கு இத்துணைக் கோபுரங்கள் எதற்கு? வடநாடுகளிலிருந்து உரோமாபுரிக்கு யாத்திரை சென்றோர் நடந்த பெருவழி இவ்வூரூடாகச் சென்றது. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் உரோமாபுரியிலிருந்து இங்கிலாந்து திரும்பிய கன்ரபரி அதிமேற்றிராணியார் சிஜெரிக், தாம் தங்கிய இடங்களுள் ஒன்றாக இதனைக் குறித்துள்ளார். யாத்திரிகரோடு வணிகமும் வந்தது. சுற்றுப்புறத்தில் விளைந்த குங்குமப்பூ வெளிச்சந்தைகளிற் பெருவிலை பெற்றது. 1199 இல் ஊரவர் வொல்தெரா மேற்றிராணியாரின் ஆட்சியினின்று நீங்கித் தம்மைத் தாமே ஆளத் தொடங்கினர்.

செல்வத்தோடு செருக்கும் வளர்ந்தது. அர்திங்கெல்லி குடும்பத்தார் பாப்பரசர் கட்சியினர். சல்வூச்சி குடும்பத்தார் பேரரசர் கட்சியினர். இரு சாராருக்கும் கோபுரம் சண்டைக் காலத்தில் அரண். ஏனைய காலத்தில் பெருமையின் அடையாளம். போட்டி முற்றவே, ஊராட்சி மன்றத்தின் கோபுரத்தை விஞ்சி எவரும் கட்டலாகாது எனச் சட்டம் விதிக்க நேர்ந்தது. 1300 மே மாதத்தில் மகாகவி தாந்தே புளோரன்சின் தூதராக இங்கு வந்து மன்றத்திற் பேசினார். அம்மண்டபம் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது.

1348 இல் ஐரோப்பாவை அழித்த கொள்ளைநோய் இவ்வூரையும் தாக்கியது. கோபுரத்தின் உயரம் நோயைத் தடுக்கவில்லை. மக்களிற் பெரும்பகுதியினர் மாண்டனர். எஞ்சியோர் சில ஆண்டுகளுள் தம் சுதந்திரத்தைப் புளோரன்சிடம் ஒப்புவித்தனர். பெருவழியும் பள்ளத்தாக்கின் பக்கம் திரும்பிவிட்டது.

இங்கேதான் வரலாற்றின் விந்தையைக் காண்கிறோம். புளோரன்சிலே இத்தகைய கோபுரங்கள் இதனினும் மிகுதியாக இருந்தன. வளம் பெருகிய அந்நகரத்தார் அவற்றை இடித்தும் குறைத்தும் புதிய மாளிகைகளைக் கட்டினர். சான் ஜிமிஞானோவாரிடம் இடித்துக் கட்டப் பொருள் இல்லை. ஆகவே பல கோபுரங்கள் நின்றபடியே நின்றன. செருக்குக் கட்டியதை வறுமை காத்தது எனலாம்.

இனி, தெற்கு வாயிலால் ஊருக்குட் புகுவோம். ஏறிச் செல்லும் தெரு நம்மைக் கிணற்று முற்றத்திற் கொண்டுபோய் விடும். 1273 இல் அமைத்து 1346 இல் விரிவாக்கிய பொதுக்கிணறு அங்குள்ளது. அதன் கல்விளிம்பிலே ஆழ்ந்த தடங்கள் காணப்படும். தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர் இறைத்தோரின் கயிறு அறுத்த தடங்கள் அவை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ!

அருகே பெருங்கோயில் இருக்கின்றது. 1253 இல் பதினைந்தாம் வயதில் மறைந்த பினா என்னும் பெண்ணுக்கு அங்கே ஒரு சிறுகோயில் உண்டு. நோயுற்று மரப்பலகையிற் கிடந்த அவள் இறந்த நாளில் கோபுரங்களிலே பூக்கள் மலர்ந்தன என்பது ஊரார் நம்பிக்கை. மார்ச்சு மாதத்தில் கல்லிடுக்குகளில் மலரும் பூக்களை இன்றும் அவள் பெயராலேயே அழைக்கின்றனர். அவளது இறுதிச் சடங்கைச் சுவரில் தீட்டிய கிர்லாந்தாயோ, பின்னணியிற் கோபுரங்களையும் வரைந்துள்ளார்.

வடகோடியில் அகுஸ்தீனார் கோயில். 1464, 1465 ஆம் ஆண்டுகளில் பெனொஸ்ஸோ கொஸ்ஸோலி அம்முனிவரின் வாழ்க்கையை 17 காட்சிகளாகத் தீட்டினார். அவற்றுள் ஒன்றில், பெற்றோர் சிறுவன் அகுஸ்தீனைப் பள்ளியிற் சேர்க்கின்றனர். அதே காட்சியில் ஆசிரியர் வேறொரு மாணவனைப் பிரம்பால் அடிக்கின்றார். ஆசிரியனாகிய நான் இதற்கு மேல் ஒன்றும் கூறேன்.

1990 இல் யுனெஸ்கோ இவ்வூரை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. ஆண்டுதோறும் பல இலட்சம் மக்கள் வருகின்றனர். வருவாய் பெருகியது, வறுமை அகன்றது. ஆனால் மதிலுக்குட்பட்ட வீடுகள் விடுதிகளாகவும் கடைகளாகவும் மாறுகின்றன. ஊரவர் மதிலுக்கு வெளியே குடியேறுகின்றனர். கோபுரங்களுக்கு இனி அச்சமில்லை. அச்சம் ஊருக்கே.

1311 இல் முடிவுற்ற பெருங்கோபுரம் 54 மீற்றர் உயரமானது. ஏறுவோர் வயல்களையும் குன்றுகளையும் கண்டு மகிழ்வர். இறங்கி வந்தபின் அக்கிணற்றின் விளிம்பையும் ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். கோபுரத்தைக் கட்டியவர் சில குடும்பத்தார். இத்தடங்களை இட்டவர் ஊரார் அனைவரும்.